தேங்காய்த் தண்ணீரா, மொலாசஸா, நெல் ஊறிய தண்ணீரா?

குடியாத்தம் பக்கத்தில் என் மாமா மகன் கொப்பரைக் களம் வைத்திருக்கிறான். காய் உடைக்கிற நாளில் அங்கே போனால் செருப்பு தரையில் ஒட்டும். முற்றிய காயின் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி, வாய்க்காலில் தேங்கி, மறுநாள் காலையில் புளித்த கள் வாடை அடிக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருமுறை சண்டைக்கு வந்ததிலிருந்து அவனுக்கு இந்தத் தண்ணீர் பெரிய தலைவலி. செல்போனில் எதையோ பார்த்துவிட்டு ஒருநாள் ராத்திரி கூப்பிட்டான். "இன்னா மச்சான், இந்தத் தண்ணில இருந்து தோலு மாதிரி ஷீட்டு எடுக்கலாமாமே? ஆம்பூர்ல வாங்குவாங்க இல்ல?"

நான் படித்தது நுண்ணுயிரியல், பிழைப்பது வேறு வேலையில். இருந்தாலும் சொந்தக்காரர்களுக்கு நான்தான் விஞ்ஞானி. எடுக்கலாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரத்துக்குள் அவனே இன்னும் நாலு பெயர் சேர்த்துக்கொண்டு வந்தான்: சர்க்கரை ஆலை மொலாசஸ், ஆரணி அரிசி ஆலைகளில் நெல் ஊறவைத்து இறக்கும் தண்ணீர், பாலைத் திரித்துப் பன்னீர் கட்டி எடுக்கும்போது வடியும் தண்ணீர், மண்டியில் கசிந்துபோன வெல்லம். எல்லாம் சும்மாவே கிடைக்கும் என்பது அவன் கட்சி. எது சும்மா கிடைக்கிறது, எது சும்மா கிடைப்பது போலத் தெரிகிறது என்று அவனுக்காகப் போட்ட கணக்குத்தான் இது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்காகிவிட்ட பழைய வட ஆற்காட்டில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்தால் உதவும்.

முதலில் அந்தப் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். காடி புளிக்கும்போது மேலே வழுவழுப்பாக ஓர் ஆடை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை 1886-இல் அட்ரியன் ஜான் பிரவுன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஆராய்ந்து, அது செல்லுலோஸ், அதை நெய்வது ஒரு பாக்டீரியா என்று எழுதினார். அந்தப் பாக்டீரியாவின் பெயர் மாறி மாறி இப்போது கோமகடேயிபாக்டர் சைலினஸ். பழைய ஆட்கள் இன்னும் அசிட்டோபாக்டர் என்றுதான் சொல்வார்கள். பருத்தியில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான், ஆனால் மரக்கூழில் இருப்பது போல, மரத்தை விறைப்பாக்கும் லிக்னின் கலந்திருக்காது. இழைகள் 100 நானோமீட்டருக்கும் மெல்லியவை. ஈரமாக எடுத்தால் எடையில் 98, 99 விழுக்காடு தண்ணீர். பிலிப்பைன்ஸ்காரர்கள் இதைத் தேங்காய்த் தண்ணீரில் வளர்த்து, சதுரமாக வெட்டி, சர்க்கரைப் பாகில் போட்டு 'நாட்டா தெ கோகோ' என்று தின்கிறார்கள். பிரேசிலில் தீக்காயத்துக்குப் போர்த்தும் படலமாக விற்றார்கள். ஜப்பானில் சோனி நிறுவனம் 1980-களின் இறுதியில் ஹெட்போனின் அதிர்தகட்டுக்கு இதைப் பயன்படுத்தியது. கேரளத்தில் 'மலாய்' என்ற பெயரில் தேங்காய்த் தண்ணீர் செல்லுலோஸில் வாழைநார் போன்ற இழைகளைச் சேர்த்துத் தோல் மாதிரியான விரிப்பு செய்கிறார்கள். என் மச்சான் பார்த்த வீடியோ அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த நுண்ணுயிர் கேட்பது அதிகமில்லை. சர்க்கரை, கொஞ்சம் நைட்ரஜன், மேலே காற்று, 28 முதல் 30 டிகிரி வரை வெப்பம், லேசான புளிப்பு, அப்புறம் ஆடாத அசையாத தட்டு. ஆய்வகத்தில் ஹெஸ்ட்ரின், ஷ்ராம் இருவரும் 1954-இல் வகுத்த கலவையைத்தான் இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்: லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 5 கிராம் பெப்டோன் (செரித்துக் கரைத்த புரதம்), 5 கிராம் ஈஸ்ட் சாறு, கொஞ்சம் பாஸ்பேட்டும் சிட்ரிக் அமிலமும். பெப்டோனும் ஈஸ்ட் சாறும் வாங்கிக் கட்டுப்படியாகாது. கழிவைத் தேடி எல்லோரும் போவது அதனால்தான். லிட்டருக்குக் காய்ந்த செல்லுலோஸ் பொதுவாக 2 முதல் 5 கிராம் வரை வரும். 5 கிராமுக்கு மேல் வருகிறது என்று யாராவது ஆசை காட்டினால், எத்தனை நாளில், எவ்வளவு சர்க்கரை போட்டு என்று கேளுங்கள்.

ஆடாத தட்டு என்று சொன்னேனே, அதில் ஒரு கதை இருக்கிறது. முதல் சோதனைக்குப் பத்துத் தட்டுகளை மாமா வீட்டுப் பின்கட்டில் வைத்தோம். அத்தை தினமும் காலையில் பெருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தட்டையும் நகர்த்தி வைத்திருக்கிறார். ஆட்டம் கண்ட ஆடை தண்ணீருக்குள் மூழ்கும், மேலே புதிதாக இன்னொன்று படரும். பத்தாம் நாள் திறந்தால் ஒவ்வொரு தட்டிலும் ஈரப் பஞ்சு போல நாலைந்து மெல்லிய ஏடுகள். ஒன்றுகூட உருப்படியான தடிமனில் இல்லை. "நான் பத்திரமாத்தான்யா எடுத்து வெச்சேன்" என்றார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார், அதுதான் பிரச்சினை.

சரி, கழிவுகளுக்கு வருவோம்.

மொலாசஸ்தான் படிப்பாளிகளின் செல்லப்பிள்ளை. திருவலம் பக்கம் அம்முண்டியில் வேலூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. செய்யாறு பக்கமும் கூட்டுறவு ஆலை உண்டு. கரும்புச் சாற்றிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையை எல்லாம் எடுத்தபின் மிஞ்சும் இந்தக் கரிய பாகில் இன்னும் பாதியளவு சர்க்கரை இருக்கும். ஒரு லிட்டர் பாகைப் பத்து லிட்டராக நீட்டினாலும் பாக்டீரியாவுக்குப் போதுமான இனிப்பு மிஞ்சும். தேங்காய்த் தண்ணீர் போல ஒரே நாளில் கெடாது. தொட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும். தாதுக்கள் நிறைய இருப்பதால் புளிப்பு ஒரேயடியாக ஏறாமல் தாங்கிக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் அதைத் தட்டில் அப்படியே ஊற்ற முடியாது. அதிலிருக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு சுக்ரோஸ். நம் நுண்ணுயிர் அதைத் தின்னும், ஆனால் மெதுவாக. அதை உடைத்துக் கொடுத்தால்தான் வேகம் வரும். அதற்காகத் தண்ணீர் சேர்த்து, கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கி, ஒரு ராத்திரி தெளியவைத்து, வண்டலை நீக்கி, மறுபடி காரம் சேர்த்துப் புளிப்பைச் சரிசெய்ய வேண்டும். ஆலையிலிருந்து கூடவே வந்த உலோகச் சத்துகளும் ஓரளவு அந்த வண்டலோடு போகும். இவ்வளவு செய்தும் நிறம் போகாது. வளர்ந்து வரும் ஆடை பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பை எடுக்க எத்தனை தண்ணீர் ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கும் மேலே ஒரு சங்கடம். தமிழ்நாட்டில் மொலாசஸ் சாராயத்தின் தாய். அதனால் அது மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கண்காணிப்பில் இருக்கும் சரக்கு. வாங்க, வைத்திருக்க, வண்டியில் ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். 1958-இலேயே தனி விதிகள் போட்டிருக்கிறார்கள். பத்துத் தட்டு வைத்துச் சோதனை செய்கிறவன் இரண்டு பீப்பாய் மொலாசஸுக்கு உரிமம் வாங்க அலைவதை நினைத்துப் பாருங்கள். போதாததற்கு எத்தனால் ஆலைகள் வேறு அதைக் கேட்கின்றன. பெட்ரோலில் எத்தனால் கலப்பது தொடங்கியபிறகு மொலாசஸைக் கழிவு என்று சொல்வதே தப்பு. அதற்கு விலை உண்டு, வரிசையும் உண்டு. பெரிய ஆலை ஒன்று தன் வளாகத்துக்குள்ளேயே இந்தத் தொழிலை நடத்தினால் மொலாசஸ் சரியான தேர்வாக இருக்கலாம். களத்துக்காரனுக்கு இது வேண்டாம்.

ஆரணித் தண்ணீர் வேறு கதை. புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறவைத்து இறக்கும் தண்ணீர் ஒரு டன் நெல்லுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் வரும். மஞ்சள் நிறம், ஒருமாதிரி ஊசல் வாடை. ஆலைக்காரர்களே அதை எங்கே விடுவது என்று தெரியாமல் இருக்கிறார்கள், கேட்டால் லாரியில் ஏற்றிக்கூட விடுவார்கள். ஆனால் அதில் நமக்கு வேண்டிய சர்க்கரை மிகக் குறைவு. உமியிலிருந்து இறங்கிய பழுப்பும் மற்ற கரைசல்களும்தான் அதிகம். மாவுச்சத்து கொஞ்சம் இருக்கும், ஆனால் இந்த நுண்ணுயிருக்கு மாவை உடைக்கத் தெரியாது. நாம்தான் அமைலேஸ் நொதி போட்டு, சூடாக்கி, பிறகு இன்னொரு நொதியால் குளுக்கோஸாக்கித் தர வேண்டும். குறைந்த சர்க்கரை உள்ள தண்ணீரை ஆரணியிலிருந்து வேலூரைத் தாண்டிக் குடியாத்தத்துக்கு 70 கிலோமீட்டர் போலக் கொண்டுவருவது என்றால், டீசலைத்தான் தட்டில் ஊற்றி வளர்க்க வேண்டும்.

அப்போ நொய்? நொய்யில் மாவு நிறைய, உடைத்தால் நல்ல குளுக்கோஸ். ஆனால் நொய் எப்போது கழிவாயிற்று? மாட்டுத் தீவனத்துக்கும் கஞ்சிக்கும் போகிற பொருள் அது. இந்தப் பக்கம் நொய்யை வீணடிக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை.

பன்னீர் வடித்த தண்ணீரைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. அதில் 4.5 முதல் 5 விழுக்காடு வரை லாக்டோஸ் இருக்கிறது, ஆனால் சைலினஸுக்கு லாக்டோஸ் ஒவ்வாது. லாக்டேஸ் நொதியை விலைக்கு வாங்கி உடைத்துக் கொடுத்தால் வளரும். சூடாக்கும்போது புரதம் திரண்டு அடிப்பிடிக்கும், அதை வடிகட்ட வேண்டும். பெரிய பால் பண்ணைக்காரருக்கு யோசிக்கத்தக்கது. ஸ்வீட் கடையிலிருந்து நாலு கேனில் எடுத்துவருகிறவருக்கு நொதி விலைதான் மிஞ்சும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பெயர் எடுத்தாலே, "தோல் கழிவிலிருந்து செய்ய முடியாதா" என்று யாராவது கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது: தோல் தொழிலின் கழிவிலிருந்து தோலுக்கு மாற்று! ஆனால் தோலின் உட்பக்கம் சுரண்டி எடுக்கும் ஜவ்வில், பிளெஷிங் என்பார்கள், புரதமும் கொழுப்பும்தான் உண்டு, சர்க்கரை கிடையாது. சுண்ணாம்பும் சல்பைடும் ஊறியிருக்கும். புரதத்தைக் கரைத்து நைட்ரஜனுக்குச் சேர்க்கலாம் என்று வாதாடலாம். அந்த நைட்ரஜனை லிட்டருக்குச் சில கிராம் அம்மோனியம் சல்பேட்டில் எடுத்துவிட முடியும்போது எதற்கு அந்த வம்பு?

வெல்லம் பரவாயில்லை. மழைக்காலத்தில் மண்டியில் ஈரம் ஏறிக் கசிந்துபோகும் வெல்லம், உடைசல், அடிமூட்டை எல்லாம் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப்படும். சர்க்கரை செறிவு நிறைய, இடம் அடைக்காது, மூட்டையாகக் கிடக்கும். மொலாசஸை விட நிறமும் உப்பும் மிகக் குறைவு. வெல்லத்திலும் சுக்ரோஸ்தான் அதிகம், ஆனால் கசிந்த வெல்லத்தில் பாதி வேலையை ஈரமும் புளிப்பும் ஏற்கெனவே செய்துவிட்டிருக்கும். மீதிக்கு எலுமிச்சை அளவு புளிப்பில் ஒரு கொதி போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: பளபளப்பான மஞ்சள் வெல்லமாக இருந்தால் நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற கந்தக உப்பைப் போட்டிருப்பார்கள். அந்தக் கந்தகச் சத்து மிஞ்சியிருந்தால் நுண்ணுயிர் தயங்கும். கறுத்த வெல்லமே நமக்கு நல்லது. மண்டியில் அதைக் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மூட்டை மூட்டையாகக் கெட்ட வெல்லம் வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று மலையடிவாரத்துச் சாராயக் காய்ச்சுதலைப் பார்த்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மச்சான் பில் போட்டுத்தான் வாங்குகிறான்.

வெல்லம் காய்ச்சும் பாத்திரமும் கொப்பரை, அவன் களத்தில் காய்வதும் கொப்பரை. இரண்டு கொப்பரையும் சேர்ந்தால்தான் கணக்கு சரிவருகிறது என்று நான் சொல்லப்போகிறேன்.

தேங்காய்த் தண்ணீருக்கு வருகிறேன். இளநீரில் சர்க்கரை 5 விழுக்காடு வரை இருக்கும், முற்றிய காயில் 2, 3 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கொப்பரைக்கு உடைக்கும் காய் ஒன்றில் ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2,000 காய் உடைத்தால் 200 லிட்டர். அதில் சர்க்கரை 5 கிலோ போல. பொட்டாசியமும் அமினோ அமிலங்களும் வைட்டமின்களும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. பாக்டீரியா அதைத் தன் வீட்டுச் சாப்பாடு போல எடுத்துக்கொள்கிறது. அமிலம் போட்டுச் சூடாக்கும் வேலை இல்லை. வடிகட்டி, ஒரு கொதி கொதிக்கவைத்து, ஆறவைத்து, காடி சேர்த்துப் புளிப்பாக்கி, முந்தைய தட்டின் கரைசலில் பத்தில் ஒரு பங்கு விட்டால் முடிந்தது. நிறமே இல்லை. ஆடை பால் வெள்ளையாக வரும்.

குறை ஒன்றுதான், அது பெரிய குறை. தேங்காய்த் தண்ணீர் காத்திருக்காது. காலையில் உடைத்ததை மதியத்துக்குள் கொதிக்கவைக்காவிட்டால் காட்டு ஈஸ்ட் உள்ளே போய்ச் சர்க்கரையைத் தின்றுவிடும். அதனால் தரையில் ஓடவிட்டுப் பிறகு அள்ள முடியாது. உடைக்கும் மேடைக்குக் கீழேயே எவர்சில்வர் தாம்பாளமும் வலையும் வைத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் களத்துத் தண்ணீரை வாங்கிவருவதென்றால் நேரம் தவறாத வண்டி வேண்டும். உன் களத்துத் தண்ணீர் மட்டும்தான் உனக்குக் கழிவு, அடுத்தவன் தண்ணீர் உனக்குச் சரக்கு என்று சொன்னேன். மச்சான் கொஞ்சநேரம் பேசவில்லை. அவன் மனதில் ஊரெல்லாம் கேன் வைத்துச் சேகரிக்கும் திட்டம் இருந்திருக்க வேண்டும்.

தட்டுக் கணக்கு இப்படி. விளைச்சல் கரைசலின் ஆழத்தைவிட மேற்பரப்பைப் பொறுத்தது, காற்று படும் இடத்தில்தான் நெசவு நடக்கிறது. 4 சென்டிமீட்டர் ஆழம் ஊற்றினால் 200 லிட்டருக்கு 5 சதுர மீட்டர் தட்டு வேண்டும். ஒரு தட்டு பத்து நாள் இருக்கும். தினமும் காய் உடைத்தால் 50 சதுர மீட்டர். பத்தடுக்கு அலமாரியில் ஒரு சின்ன அறைக்குள் அடங்கும். லிட்டருக்கு 3 கிராம் என்று வைத்தால் ஒரு நாள் ஊற்றியதிலிருந்து 600 கிராம் காய்ந்த செல்லுலோஸ். ஒரு தட்டின் ஆடை காய்ந்தால் சதுர மீட்டருக்கு 120 கிராம், அதாவது நல்ல தடித்த காகிதம். தோல் போலக் கையில் கனமாக இருக்க 300 கிராமாவது வேண்டும் என்றால், இரண்டு மூன்று ஆடைகளை ஈரத்திலேயே ஒன்றன்மேல் ஒன்று போட்டு அழுத்திக் காயவைக்க வேண்டும். ஆக 2,000 காய்க்கு 2 சதுர மீட்டர் விரிப்பு, ஏறக்குறைய 20 சதுர அடி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் டேபிளில் இது டீ குடிக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும்.

இத்தனையும் சர்க்கரைக் கணக்கு. நான் மச்சானிடம் அடித்துச் சொன்னது வேறு: சர்க்கரையைப் பார்க்காதே, கழுவுகிற தண்ணீரைப் பார்.

600 கிராம் காய்ந்த செல்லுலோஸ் ஈரத்தில் 40 கிலோ இருக்கும். அதற்குள் சிக்கியிருக்கும் செத்த பாக்டீரியா, புளிப்பு, சர்க்கரை மிச்சம் எல்லாம் வெளியே வர வேண்டும். லிட்டருக்கு 4 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில், 80, 90 டிகிரியில் ஒரு மணிநேரம் வேகவைப்பது வழக்கமான முறை. பிறகு காரம் போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஒவ்வொரு அலசலுக்கும் எடையைப் போல நாலு மடங்கு தண்ணீர், ஐந்து முறை என்றால் 800 லிட்டர். 200 லிட்டர் கழிவைத் தீர்க்கப் போய் 800 லிட்டர் கழிவை உண்டாக்கியிருக்கிறோம்! மொலாசஸில் வளர்த்தால் பழுப்பு போக அலசல் இரட்டிப்பாகும், ஹைட்ரஜன் பெராக்சைடு வேறு போட வேண்டியிருக்கும். நெல் தண்ணீரும் அப்படியே.

இது பாலாற்றங்கரை. தண்ணீரில்லாத ஆறு என்று ஊர்ப் பழமொழியிலேயே ஏறிவிட்ட ஆறு. தோல் தொழிற்சாலைக் கழிவு இந்த மண்ணுக்கும் கிணறுகளுக்கும் என்ன செய்தது என்பதற்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே சாட்சி. மாசு செய்தவர்தான் அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய வழக்குகளில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கு முக்கியமானது. அப்படிப்பட்ட ஊரில் சோடியம் கரைந்த தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிட்டு, பையில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சடிக்க எனக்கு மனம் வராது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் விடாது.

இதற்கு வழி இல்லாமலில்லை. கடைசி அலசல் தண்ணீர் கிட்டத்தட்டச் சுத்தமாகத்தான் இருக்கும். அதை அடுத்த தொகுதியின் முதல் அலசலுக்கு எடுத்துக்கொண்டால், தொட்டி தொட்டியாகப் பின்னோக்கி நகர்த்தினால், செலவு பாதிக்கும் கீழே இறங்கும். தட்டில் மிஞ்சும் கரைசல் புளிப்பு, வேகவைத்த தண்ணீர் காரம். இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று அடக்கும். இன்னொன்று, காஸ்டிக் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. விலை கூடுதல்தான். ஆனால் மிஞ்சுவது சோடியமாக இல்லாமல் பொட்டாசியமாக இருக்கும், தென்னை கேட்பதும் சாம்பல் சத்துதான். தேங்காய்த் தண்ணீரில் வளர்த்த ஆடைக்கு மட்டும்தான் இந்தச் சுற்று ஓரளவு மூடுகிறது. வாரியத்திடம் இசைவு வாங்கி, தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்துக்கு விட வேண்டும். மொலாசஸ் தண்ணீரை இப்படிச் செய்யத் துணிய மாட்டேன்.

இன்னொரு வாசலையும் தேங்காய்த் தண்ணீர் திறந்து வைக்கிறது: உணவு. ஆலைக் கழிவில் வளர்ந்ததை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், வைக்கவும் விடக் கூடாது. சுத்தமாகப் பிடித்த தேங்காய்த் தண்ணீரில் வளர்ந்தது நாட்டா. காஸ்டிக் கிடையாது. சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்துப் புளிப்பை எடுத்து, பாகில் போடுவது. உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும், நல்ல குடிதண்ணீர் வேண்டும். ஆனால் 40 கிலோ ஈர ஆடை 40 கிலோவாகவே விற்கிறது, அதை உலர்த்தி 600 கிராமாக்க வேண்டியதில்லை. பலூடா கடை, ஜூஸ் கடை, பேக்கரி என்று வேலூரிலேயே கேட்டுப் பார்க்கலாம். நான் சொல்லும்போது மச்சானுக்கு முகம் சுருங்கியது. தோல் என்று ஆரம்பித்தவனிடம் ஜெல்லி என்றால் அப்படித்தான் இருக்கும்.

"தோலு?" என்றான்.

தோல் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கச் சொன்னேன். வெறுமனே காய்ந்த ஆடை அப்பளம் மாதிரி விறைக்கும். கிளிசரின் ஏற்றினால் வளையும், ஆனால் மழையில் தண்ணீரைக் குடித்து ஊதும். மெழுகோ வேறு பூச்சோ இல்லாமல் செருப்பின் மேல்பாகத்துக்கு ஆகாது. பர்ஸ், நோட்டுப் புத்தக அட்டை, விளக்குத் திரை என்று தொடங்கலாம். வாரத்துக்கு இரண்டு விரிப்பு போட்டு, பழகிக்கொண்டு, கையில் நம்பிக்கையான மாதிரி வந்தபின் ஆம்பூர் போகலாம். அங்கே தோலை விரலால் தடவியே தரம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அரைகுறையாகக் கொண்டுபோனால் இரண்டாம் தடவை கதவு திறக்காது.

வெயிலையும் மறக்கக் கூடாது. வேலூரின் சித்திரை 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆடை மெலிந்துபோகும். மார்கழி விடியலில் எதிர்ப்பக்கம், குளிரில் மந்தமாகும். ஏலகிரியில் போய் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். 1,100 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிப் போய் ஆடையைக் கீழே இறக்குவதற்கு, களத்தின் வடக்குப் பக்கம் ஓடு வேய்ந்து, சுவரில் ஈரச் சாக்கு தொங்கவிட்ட அறை மலிவு. எந்தக் கழிவை எடுத்தாலும் இது பொது. அதேபோல நுண்ணுயிரும்: சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் போன்ற சேமிப்பு நிலையங்களில் முறையாக எழுதி வாங்கலாம். கொம்புச்சா என்ற புளிக்கவைத்த டீயின் மேலாடையை வைத்தும் தொடங்கலாம், ஆனால் அதில் ஈஸ்ட்டும் கலந்திருக்கும். விற்பதற்கு என்றால் முதல் வழிதான். நான் ஆசைப்பட்டு ஒருமுறை எங்கோ ஆன்லைனில் வாங்கிய பாட்டிலில் வந்தது வெறும் பூஞ்சை.

கடைசியில் நாங்கள் முடிவு செய்தது: அடிப்படை தேங்காய்த் தண்ணீர், அதுவும் அவன் களத்துத் தண்ணீர் மட்டும். சர்க்கரை 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் நாளில் கறுப்பு வெல்லம் சேர்த்து ஈடுகட்டுவது. நைட்ரஜனுக்கு உணவுத் தர அம்மோனியம் சல்பேட். முதல் ஆறு மாதம் நாட்டா, கூடவே வாரம் இரண்டு விரிப்பு. மொலாசஸும் நெல் தண்ணீரும் பட்டியலிலிருந்து போய்விட்டன. பன்னீர்த் தண்ணீரை மட்டும் மச்சான் இன்னும் விடவில்லை. அவன் பெண்ணெடுத்த வீட்டில் மாட்டுப் பண்ணை இருக்கிறது, அதனால் அதில் நான் தலையிடவில்லை.

ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. தேங்காய் விலை ஏறினால் அவன் கொப்பரைக்கு உடைக்க மாட்டான், முழுக் காயாக லாரியில் ஏற்றிவிடுவான். அந்த மாதம் தண்ணீரே இருக்காது. அப்போது பத்துத் தட்டில் வெறும் வெல்லக் கரைசல் ஊற்றி, விற்பனைக்கு இல்லாமல், நுண்ணுயிர் சாகாமல் இருக்க மட்டும் ஓட்டுவது என்று பேசியிருக்கிறோம். அதற்காக இரண்டு மூட்டை வெல்லம் இப்போதே மேலே பரணில் ஏற்றியாயிற்று. எறும்பு வராமல் பார்த்துக்கொள்வது அத்தையின் பொறுப்பு.